ஆர்டர் யார் கையில் நிற்கிறது? கணக்கு மென்பொருளில் ஒப்புதல் முறையை அமைக்க ஒரு முழு வழிகாட்டி

ஜூன் முதல் வாரம். 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப் போகிறது என்று ஊரெல்லாம் நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருந்தார்கள். மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில், 200 மூட்டை டிஏபி உரத்துக்கான பர்சேஸ் ஆர்டர் நான்கு நாளாகக் கணினியிலேயே கிடந்தது. ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டும். இரண்டு பேர் தந்துவிட்டார்கள். மூன்றாவது இயக்குநர் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். அந்த லாரி லோடு வேறு கடைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அங்கே எந்த ஆர்டரும் நிற்கவில்லை. காரணம் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஐந்து பேருடைய பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். எழுத்தர் ஒருவரே ஐந்து தடவை உள்ளே போய் ஐந்து ஒப்புதலையும் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விவசாயிக்கு உரம் வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அந்த ஐந்து கட்டத்தையும் அமைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கட்டம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இன்று ஒப்புதல் முறை அமைக்கச் சொல்லி யார் கூப்பிட்டாலும் ஒன்றை மட்டும் முதலில் கேட்கிறேன். இந்தக் கட்டத்தில் உட்காரும் ஆள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்? 'விலை சரியா?' ஒரு கேள்வி. 'கையில் பணம் இருக்கிறதா?' இன்னொரு கேள்வி. 'சும்மா ஒரு பார்வை பார்க்கட்டும்' என்பது கேள்வியே இல்லை. அந்தக் கட்டம் வேண்டாம்.

இந்த வழிகாட்டியில் மென்பொருளுக்கு எடுத்துக்காட்டாக ஈஆர்பிநெக்ஸ்டை எடுத்துக்கொள்கிறேன். மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறமூல மென்பொருள் அது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குத் திரையும் பெயர்களும் மாறும், செய்ய வேண்டிய வேலை மாறாது. அரிசி ஆலை, பள்ளி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் எதற்கும் இதே வரிசை பொருந்தும்.

கணினியைத் தொடுவதற்கு முன்னால்

ஒரு வாரம் ஒதுக்குங்கள். சென்ற மாதத்து வவுச்சர், பில், கொட்டேஷன் எல்லாவற்றையும் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எதற்குப் பணம் போனது, எவ்வளவு, யார் கேட்டார், யார் சரி என்றார், எத்தனை நாள் ஆனது. 'யார் சரி என்றார்' என்ற இடத்தில் தாளில் கையெழுத்துப் போட்டவரை எழுதாதீர்கள். போனில் 'போட்டுக்கோங்க' என்று சொன்னவர் யாரோ அவரை எழுதுங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். உண்மையில் முடிவெடுப்பவரை மென்பொருளுக்கு வெளியே விட்டுவிட்டு எப்படி அமைத்தாலும், அது போனுக்குப் பின்னால் ஓடும் சடங்காகிவிடும்.

இந்த நோட்டை முதன்மைச் செயல் அலுவலரோடு உட்கார்ந்து பாருங்கள். சட்டப்படி உற்பத்தியாளர் கம்பெனியில் முழுநேரமாக அப்படி ஒருவர் இருக்க வேண்டும், இயக்குநர்கள் 5 முதல் 15 பேர் வரை இருக்கலாம். எந்தத் தொகை வரை அலுவலர் தானே முடிவெடுக்கலாம், எதற்கு மேல் இயக்குநர்கள் வர வேண்டும் என்பதை இயக்குநர் குழுவில் தீர்மானமாகப் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். மென்பொருளில் நாம் வைக்கும் எண்ணுக்கு அந்தத் தீர்மானம்தான் அடிப்படை. தீர்மானம் இல்லாமல் எண்ணை வைத்தால், நாளை ஒரு தகராறு வரும்போது 'இந்த எண்ணை யார் போட்டது' என்று அமைத்தவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

எண்ணை எப்படி முடிவு செய்வது? பலரும் 50,000, ஒரு லட்சம் என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். நான் லாரியிலிருந்து கணக்குப் போடுவேன். டிஏபி 50 கிலோ மூட்டை. பத்து டன் லோடு என்றால் 200 மூட்டை. மூட்டை 1,350 ரூபாய் என்று வைத்தால் 2,70,000 ரூபாய். கொள்முதல் விலை அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அலுவலரின் வரம்பு ஒரு லட்சம் என்று வைத்தால், குறுவை தொடங்கும்போது வரும் ஒவ்வொரு லோடும் இயக்குநரிடம் போய் நிற்கும். மூன்று லட்சம் என்று வைத்தால் வழக்கமான ஒரு லோடு தானாகப் போய்விடும், வழக்கத்துக்கு மீறியது மட்டும் மேலே போகும். வழக்கமானது ஓட வேண்டும், வழக்கத்துக்கு மாறானது நிற்க வேண்டும். வரம்பு வைப்பதே அதற்குத்தான்.

எதற்கெல்லாம் ஒப்புதல் வேண்டும்

எல்லாவற்றுக்கும் வேண்டாம். டீ செலவுக்கும் ஜெராக்ஸுக்கும் ஒப்புதல் கேட்டால் ஒப்புதல் தருபவர் படிப்பதை நிறுத்திவிடுவார். நாற்பது ஆவணத்தைப் படிக்காமல் தட்டிப் பழகிய கை, நாற்பத்தொன்றாவதையும் அப்படியே தட்டும்.

மூன்று இடங்கள் போதும். ஒன்று, பர்சேஸ் ஆர்டர். இரண்டு, பணம் வெளியே போகும் பேமெண்ட் என்ட்ரி. மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவது. 'எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். எழுத்தர் மாற்றிவிடுவார். அதற்குப் பிறகு ஆர்டரும் பில்லும் எல்லாம் முறைப்படி ஒப்புதல் பெற்றுப் பணம் யாரோ ஒருவருக்குப் போகும். அதனால் கணக்கு எண் மாற்றத்துக்குத் தனி ஒப்புதல் வையுங்கள். ஒப்புதல் தருபவர் செய்தி வந்த எண்ணைக் கூப்பிடக் கூடாது. பழைய பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதை மென்பொருளால் செய்ய முடியாது, ஆள்தான் செய்ய வேண்டும்.

ரொக்கம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். லாரி வாடகைக்கு இந்த வரம்பு 35,000. விளைவித்த விவசாயியிடமே நெல்லோ உளுந்தோ வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே பேமெண்ட் என்ட்ரியில், கொடுக்கும் முறை ரொக்கமாகவும் தொகை 10,000-க்கு மேலும் இருந்தால் அலுவலர் பார்வைக்குப் போகட்டும் என்று ஒரு நிபந்தனை வைப்பது நல்லது. அவருடைய கேள்வி ஒன்றுதான்: 'பணம் வாங்குபவர் விவசாயியா, வியாபாரியா?'

ரோல்: ஆளுக்கு அல்ல, வேலைக்கு

அனுமதியை ஆள் பெயரில் கொடுக்காதீர்கள். இந்த மென்பொருளும் ஒவ்வொரு கட்டத்திலும் ரோலைத்தான், அதாவது வேலைப் பொறுப்பைத்தான் கேட்கும். மூன்று ரோல்களை உருவாக்கிக்கொள்ளுங்கள்: கொள்முதல் எழுத்தர், முதன்மை அலுவலர், ஒப்புதல் இயக்குநர். பிறகு யூசர் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய ரோலைக் கொடுங்கள். ஆள் மாறினால் ரோலை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும்.

அடுத்து ரோல் பெர்மிஷன்ஸ் மேனேஜர், அதாவது எந்த ரோல் எந்த ஆவணத்தில் என்ன செய்யலாம் என்று குறிக்கும் பக்கம். பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒப்புதல் போகும் வழியை எழுதிவைக்கும் ஒர்க்ஃப்ளோவில் 'அலுவலர் ஒப்புதல் தரலாம்' என்று எழுதிவிட்டால் போதாது. அந்த ஆவணத்தில் அந்த ரோலுக்கு ரீட், ரைட் இரண்டும் இருக்க வேண்டும். இறுதி ஒப்புதல் தருபவருக்கு சப்மிட், அதாவது ஆவணத்தை உறுதி செய்யும் அனுமதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொத்தான் தெரியும், அழுத்தினால் அனுமதி இல்லை என்று வரும். எழுத்தருக்கு கிரியேட், ரீட், ரைட் மட்டும் கொடுங்கள். சப்மிட் வேண்டாம், கேன்சலும் வேண்டாம்.

ஒருவருக்கு எழுத்தர் ரோலும் அலுவலர் ரோலும் சேர்ந்து இருக்கிறதா என்று ஒவ்வொரு யூசராகத் திறந்து பாருங்கள். சின்ன கம்பெனியில் இருப்பதே மூன்று பேர், அதனால் இது நடந்துவிடும். அதற்குத் தீர்வு கீழே வருகிறது.

ஸ்டேட்: ஆவணம் நிற்கும் இடங்கள்

ஒர்க்ஃப்ளோ என்று தேடிப் புதிதாக ஒன்றைத் திறங்கள். ஆவண வகையில் பர்சேஸ் ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள். கீழே இரண்டு அட்டவணைகள் இருக்கும். மேலே இருப்பது ஸ்டேட், அதாவது ஆவணம் நிற்கக்கூடிய நிலைகள்.

பெயர் வைப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 'நிலுவை' என்று வைத்தால் யாரிடம் நிலுவை என்று தெரியாது. ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரைச் சொல்லும்படி வையுங்கள். தமிழிலேயே வைக்கலாம், மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். நான் வழக்கமாக வைக்கும் ஏழு நிலைகள்: எழுத்தரிடம், அலுவலரிடம், இயக்குநரிடம், திருத்தத்துக்குத் திரும்பியது, ஒப்புதல் ஆனது, மறுக்கப்பட்டது, ரத்தானது. விவசாயி வந்து 'எங்க ஆர்டர் என்னாச்சு' என்று கேட்டால் முன்னறையில் இருப்பவர் பட்டியலைப் பார்த்தே 'இயக்குநரிடம் இருக்குங்க' என்று சொல்ல முடிய வேண்டும்.

ஒவ்வொரு நிலைக்கும் டாக் ஸ்டேட்டஸ் என்று ஓர் எண் கேட்கும். 0 என்றால் வரைவு, இன்னும் மாற்றலாம். 1 என்றால் சப்மிட் ஆனது, உறுதியானது. 2 என்றால் ரத்து. மேலே சொன்னவற்றில் 'ஒப்புதல் ஆனது' மட்டும் 1, 'ரத்தானது' 2, மற்ற ஐந்தும் 0. 0-லிருந்து 1, 1-லிருந்து 2, இந்த வழியில் மட்டும்தான் ஆவணம் போகும். 1-லிருந்து திரும்ப 0-க்கு வராது. வரைவிலிருந்து நேராக 2-க்கும் போகாது. அதனால்தான் 'மறுக்கப்பட்டது' என்ற நிலைக்கு 2 போடக் கூடாது, 0-தான் போட வேண்டும். 2 போட்டால் மென்பொருள் ஏற்காது.

அதே வரிசையில் 'ஒன்லி அலவ் எடிட் ஃபார்' என்று ஒரு கட்டம். அந்த நிலையில் யார் திருத்தலாம் என்பது அது. 'அலுவலரிடம்' என்ற நிலையில் இங்கே அலுவலர் ரோலைத்தான் போட வேண்டும். வேகத்தில் எல்லா வரிசையிலும் எழுத்தரையே போட்டுவிட்டால், அலுவலர் 300 மூட்டைக்குச் சரி சொல்லி இயக்குநருக்கு அனுப்பிய பிறகு, எழுத்தர் அதை 350 ஆக மாற்ற முடியும். இயக்குநர் பார்ப்பது அலுவலர் பார்த்த ஆவணமாக இருக்காது. ஒப்புதலுக்குப் போன தாளில் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்ற பழைய அலுவலக ஒழுக்கம்தான் இந்தச் சின்னக் கட்டம்.

டிரான்சிஷன்: எந்த மதகு எப்போது திறக்கும்

இரண்டாவது அட்டவணை டிரான்சிஷன். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு யார், எந்தப் பொத்தானை அழுத்தி, எந்த நிபந்தனையில் அனுப்பலாம் என்பதை இங்கே ஒவ்வொரு வரிசையாக எழுத வேண்டும்.

கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஷட்டர். எதையும் திறக்காவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும். 'அலுவலரிடம்' என்ற நிலைதான் நம்முடைய கல்லணை. அங்கிருந்து நான்கு வழிகள் வேண்டும்.

முதல் வழி: தொகை 3,00,000 அல்லது அதற்குள் இருந்தால் 'ஒப்புதல்' பொத்தான், அடுத்த நிலை 'ஒப்புதல் ஆனது'. இரண்டாவது: 3,00,000-ஐத் தாண்டினால் 'மேலே அனுப்பு', அடுத்த நிலை 'இயக்குநரிடம்'. மூன்றாவது, 'திருத்தச் சொல்'. நான்காவது, 'மறு'. பொத்தான்களின் பெயர்களை ஒர்க்ஃப்ளோ ஆக்‌ஷன் மாஸ்டரில் முன்னாலேயே சேர்த்துவைத்தால் இங்கே தேர்ந்தெடுக்கலாம்.

தொகை நிபந்தனையை கண்டிஷன் என்ற கட்டத்தில் பைத்தான் மொழியில் எழுத வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் doc என்ற சொல், ஒரு புள்ளி, பிறகு மொத்தத் தொகைக்குரிய ஃபீல்டின் பெயர், ஒப்பீட்டுக் குறி, எண். ஃபீல்டின் பெயர் திரையில் தெரிவது போல இருக்காது. ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோட்டுடன் இருக்கும். கஸ்டமைஸ் ஃபார்மில் போய்ப் பார்த்து அப்படியே எழுதுங்கள். எண்ணில் கமா போடாதீர்கள், 300000 என்று தொடர்ந்து எழுதுங்கள்.

குறியில் கவனம் வேண்டும். ஒரு வரிசையில் < என்றும் இன்னொன்றில் > என்றும் வைத்தால், சரியாக 3,00,000-க்கு வரும் ஆர்டருக்கு இரண்டு மதகும் திறக்காது. அலுவலர் திறந்து பார்ப்பார், ஒப்புதல் பொத்தானே இருக்காது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று போன் வரும். ஒன்றில் <= வையுங்கள், இன்னொன்றில் > வையுங்கள். எல்லாத் தொகைக்கும் ஒரு வாய்க்கால் இருந்தாக வேண்டும்.

திருத்தச் சொல்வதையும் மறுப்பதையும் தனித்தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏடிடி 43 விதை கேட்டிருக்கிறார்கள், ரகத்தின் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார் எழுத்தர். அது திருத்த வேண்டியது. கிடங்கில் ஏற்கெனவே 60 மூட்டை இருக்கும்போது மறுபடி அதையே கேட்டால், அது மறுக்க வேண்டியது. இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்தால் வருடக் கடைசியில் எத்தனை ஆர்டர் தேவையில்லாமல் கேட்கப்பட்டது என்று பார்க்க வழியில்லை. மறுக்கும்போதும் திருப்பும்போதும் கீழே கமெண்ட் பகுதியில் ஒரு வரி காரணம் எழுதப் பழக்குங்கள்.

தானே எழுதி தானே ஒப்புதல்

டிரான்சிஷன் வரிசை ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தால் 'அலவ் செல்ஃப் அப்ரூவல்' என்று ஒரு டிக் இருக்கும். புதிதாகச் சேர்க்கும் வரிசையில் அது ஏற்கெனவே போட்டபடிதான் வரும். ஒப்புதல் தரும் வரிசைகளில் அதை எடுத்துவிடுங்கள். அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்தால் இது கண்ணில் படாது, விரித்துத்தான் பார்க்க வேண்டும். எழுத்தர் தன் ஆர்டரை அலுவலருக்கு முதல் தடவை அனுப்பும் வரிசையிலும், திருத்தி மறுபடி அனுப்பும் வரிசையிலும் மட்டும் டிக் இருக்கட்டும். அங்கேயும் எடுத்துவிட்டால் அவரால் அனுப்பவே முடியாது.

மூன்று பேர் மட்டுமே இருக்கும் கம்பெனிக்கான தீர்வு இதுதான். ஒருவருக்கு இரண்டு ரோலும் இருந்தாலும், அவர் உருவாக்கிய ஆவணத்துக்கு அவரே ஒப்புதல் தர முடியாது, மற்றவர் தர வேண்டும்.

ஆனால் மென்பொருள் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆவணத்தை முதலில் உருவாக்கியவர் யார்? இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற யூசருக்கு இந்தத் தடை கிடையாது. தினசரி வேலையை யாரும் அந்தப் பெயரில் செய்யக் கூடாது. இன்னொன்று, இரண்டு இயக்குநர்கள் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் இருந்தால் வருவது. 'ஐந்து பேரில் யாராவது இரண்டு பேர்' என்று எண்ணிப் பார்க்கும் வசதி இதில் நேரடியாக இல்லை. இரண்டு நிலைகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே இயக்குநர் ரோலைக் கொடுத்தால், ஒரே ஆள் இரண்டு பொத்தானையும் அழுத்திவிடலாம். அதனால் 'இயக்குநர் ஒன்று', 'இயக்குநர் இரண்டு' என்று தனி ரோல்கள் வைத்து, ஒருவருக்கு ஒன்றை மட்டும் கொடுங்கள்.

ஊரில் இல்லாத நாட்கள்

தொடக்கத்தில் சொன்ன டிஏபி லோடு நின்றது இதனால்தான். எங்கள் பக்கம் வைகாசியும் ஆவணியும் தையும் கல்யாண மாதங்கள். ஒப்புதல் தரும் ஒவ்வொரு ரோலிலும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் போதும், ஆனால் இருவர் இருக்க வேண்டும். எந்த ஒருவர் அழுத்தினாலும் ஆவணம் நகரும். மாற்று ஆள் யார் என்பதும் இயக்குநர் குழுத் தீர்மானத்தில் இருக்கட்டும்.

ஒருபோதும் செய்யக் கூடாதது, 'நாலு நாளைக்கு மட்டும்' என்று எழுத்தருக்கு அலுவலர் ரோலைக் கொடுப்பது. நாலு நாளில் திருப்பி எடுத்ததை நான் பார்த்ததில்லை. பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவது அதைவிட மோசம். ஒப்புதல் தருபவர் கைபேசி பிரவுசரிலேயே மென்பொருளைத் திறக்கலாம், பஸ்ஸில் இருந்தபடி பொத்தானை அழுத்தலாம். அதை அவருக்கு அருகில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். அறுபது வயது தாண்டிய ஓர் இயக்குநருக்கு நான் மூன்று மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இப்போது வயல் வரப்பில் நின்று ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறார், காரணமும் எழுதுகிறார்.

தகவல் எப்படிப் போக வேண்டும்

'செண்ட் ஈமெயில் அலர்ட்' என்று ஒரு டிக் இருக்கிறது. மென்பொருளில் அனுப்பும் மின்னஞ்சல் கணக்கை அமைத்திருந்தால், ஆவணம் நிலை மாறியதும் அடுத்த ரோலில் இருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். எல்லோருக்கும் என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு இயக்குநருக்கும் ஒரே ரோல் கொடுத்திருந்தால் பன்னிரண்டு பேருக்கும் போகும், 'இன்னொருவர் பார்த்துக்கொள்வார்' என்று பன்னிரண்டு பேரும் விட்டுவிடுவார்கள். ரோலில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு நேரம் குறித்துக்கொள்வதுதான் நல்ல வழி. காலை 11 மணி, மாலை 5 மணி. அந்த நேரத்தில் பட்டியலைத் திறந்து தன் கையில் நிற்பதை முடித்துவிட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

நேரடியாக உண்மையான கணக்கில் வைக்காதீர்கள். சோதனைக்கு ஒரு நகல் தளம் போட்டு, மூன்று சோதனை யூசர்களை உருவாக்குங்கள். பிறகு 2,99,999, 3,00,000, 3,00,001 என்று மூன்று ஆர்டர்களைப் போட்டு ஒவ்வொன்றையும் கடைசி வரை ஓட்டுங்கள். தன் ஆர்டருக்குத் தானே ஒப்புதல் தர முயலுங்கள், தடுக்க வேண்டும். அலுவலரிடம் போன ஆர்டரில் எழுத்தராக உள்ளே போய் எண்ணிக்கையை மாற்ற முயலுங்கள், அதையும் தடுக்க வேண்டும். திருப்பி அனுப்பியதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். 'திருத்தத்துக்குத் திரும்பியது' என்ற நிலையிலிருந்து வெளியே போக வழி வைக்க மறந்திருந்தால் இப்போது தெரிந்துவிடும். ஒப்புதல் ஆனதை ரத்து செய்து பாருங்கள்.

ஓர் ஆவண வகைக்கு ஒரு ஒர்க்ஃப்ளோதான் இயங்கும். புதியதில் 'இஸ் ஆக்டிவ்' டிக் போட்டால் பழையது தானாக அணைந்துவிடும். ஆகவே மாற்றும் நாளில் பழைய நிலைகளில் எத்தனை ஆர்டர் நிற்கிறது என்று பட்டியல் எடுத்து, அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். பழைய நிலையின் பெயர் புதியதில் இல்லையென்றால் அந்த ஆர்டர் எந்தப் பொத்தானும் இல்லாமல் நிற்கும்.

எந்த மாதத்தில் மாற்றுவது என்பதும் முக்கியம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் தரும். ஜூனில் விதையும் உரமும், ஆவணி புரட்டாசியில் சம்பா நடவு, தை மாசியில் அறுவடையும் நெல் பணமும், மார்ச் 31 வரை கணக்கு முடிப்பு. மீதம் இருப்பது சித்திரைதான். சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தால், மேட்டூர் திறப்பதற்குள் ஒரு மாதம் சிறிய ஆர்டர்களில் எல்லோருக்கும் கை பழகிவிடும்.

வைத்த பிறகு பார்க்க வேண்டியவை

2014-ஆம் ஆண்டு கம்பெனிகள் கணக்கு விதிகளின் 3ஆம் விதிப்படி, 2023 ஏப்ரல் 1 முதல் எந்தக் கம்பெனியும் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார் என்ற எடிட் லாக் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனியும் கம்பெனிதான், விலக்கு கிடையாது. ஈஆர்பிநெக்ஸ்டில் இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற கூடுதல் செயலியைச் சேர்த்தால், அக்கவுண்ட்ஸ் செட்டிங்ஸில் ஆடிட் டிரெயில் தேர்வு வரும். ஒருமுறை இயக்கினால் பிறகு நிறுத்த முடியாது. கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய ஆவணங்களை அழிக்கும் அனுமதியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி இரண்டு பட்டியல் எடுங்கள். முதலாவது, மூன்று நாளுக்கு மேல் ஒரே நிலையில் நின்ற ஆர்டர்கள். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் அவரைக் குறை சொல்லும் முன் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு வேண்டிய தாள் ஏதோ ஒன்று ஆர்டரோடு இணைக்கப்பட்டிருக்காது. கொட்டேஷனை ஸ்கேன் செய்து இணைத்தாலே பாதித் தாமதம் போய்விடும்.

இரண்டாவது, ஒரே சப்ளையருக்கு ஒரே வாரத்தில் போன ஆர்டர்கள். வரம்பு மூன்று லட்சம் என்றால் 2,90,000, 2,85,000 என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆர்டர் வரும். உடைத்துப் போட்டிருக்கலாம். உண்மையிலேயே இரண்டு லோடாக வந்திருக்கவும் கூடும். கிடங்கு ரசீதின் தேதியையும் லாரி எண்ணையும் பார்த்தால் தெரிந்துவிடும். உடைத்தது உண்மையென்றால் ஏன் உடைத்தார்கள் என்று கேளுங்கள். வரம்பு குறைவாக இருப்பதால் வேலை நிற்கிறது என்று சொன்னால், அதை அடுத்த இயக்குநர் கூட்டத்துக்குக் கொண்டுபோய் வரம்பை மாற்றுங்கள். மென்பொருளில் மாற்றும் தேதியும் தீர்மானத்தின் தேதியும் ஒத்துப்போகட்டும்.

யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அவருடைய யூசரில் எனேபிள்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். யூசரை அழிக்க வேண்டாம், அவர் போட்ட ஒப்புதல்களில் அவர் பெயர் இருக்க வேண்டும். அப்புறம், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே சீட்டு இருந்தால் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டு, எந்தக் கட்டத்தில் யார் வராததால் அந்தச் சீட்டு தேவைப்பட்டது என்று எழுத்தரிடம் கோபப்படாமல் கேளுங்கள். அடுத்து எடுக்க வேண்டிய கட்டம் எது என்பது அவருக்குத்தான் தெரியும்.